நிறை சதவீதத்தை வைத்து ஒரு சேர்மத்தின் வாய்ப்பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? எதற்காக அணு நிறையால் வகுக்கிறோம்?

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு வேதியியல் எடுக்கிறேன். இந்தச் சந்தேகம் வருபவர்களை நேராக ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் மயில்துத்தத்தைக் கையில் கொடுத்துவிடுவேன்.

மயில்துத்தத்தில் காப்பர் சல்பேட்டோடு தண்ணீரும் சேர்ந்து படிகமாகியிருக்கிறது. எவ்வளவு தண்ணீர்? பீங்கான் மூசையில் 2.50 கிராம் எடுத்துச் சிறு தீயில் சூடாக்க வேண்டும். தீ அதிகமானால் படிகம் படபடவென்று தெறிக்கும், எடை போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக நீலம் வெளுத்துப் பொடியாகும். மூடி போட்டு ஆறவைத்து எடை பார்த்தால் 1.60 கிராம். போன 0.90 கிராமும் தண்ணீர்.

எடையை மட்டும் பார்த்தால் தண்ணீர் குறைவு மாதிரி இருக்கிறது, இல்லையா? ஒரு பலாப்பழத்தையும் ஐந்து எலுமிச்சையையும் தராசில் வைத்தாலும் அப்படித்தான் தெரியும். வாய்ப்பாட்டுக்கு வேண்டியது எண்ணிக்கை. அதனால்தான் ஒவ்வொன்றையும் அதனதன் மோல் நிறையால், அதாவது அதிலுள்ள அணு நிறைகளின் கூட்டுத்தொகையால், வகுக்கிறோம். காப்பர் சல்பேட்: 1.60 ÷ 159.6 = 0.01. தண்ணீர்: 0.90 ÷ 18 = 0.05. ஆக, ஒன்றுக்கு ஐந்து.

விடை 4.5 என்று வந்தால் அடித்துத் திருத்தாதீர்கள். முதல் நான்கு தண்ணீரும் சுலபமாகப் போய்விடும். கடைசி ஒன்று 200 டிகிரி வாக்கில்தான் கிளம்பும். மறுபடி சூடாக்கி, அடுத்தடுத்து ஒரே எடை வரும்வரை பார்க்க வேண்டும். திறந்துவைத்து ஆறவிட்டாலும் பொடி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐந்தைத் தாண்டிப் போய், பொடியும் கறுத்திருந்தால், தீ அதிகமாகிச் சல்பேட்டே சிதையத் தொடங்கிவிட்டது.

சதவீதக் கணக்கும் இதேதான். 100 கிராம் எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட் கனிமத்தில் இரும்பு 72.4, ஆக்சிஜன் 27.6 சதவீதம். அவற்றின் அணு நிறைகளான 55.85ஆலும் 16ஆலும் வகுத்தால் 1.296, 1.725. சிறியதால் பெரியதை வகுத்தால் 1.33. இங்கேதான் பலரும் அவசரப்பட்டு 1 என்று எழுதிவிடுகிறார்கள். 1.33 என்பது மூன்றில் நான்கு. மூன்றால் பெருக்கினால் இரும்பு 3, ஆக்சிஜன் 4. அதேபோல 1.5 வந்தால் இரண்டால் பெருக்குங்கள்.

கரிமச் சேர்மம் என்றால் எரித்து, வருகிற கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் தனித்தனியே உறிஞ்சவைத்து எடைபோடுவார்கள். ஜெர்மனியில் லீபிக் என்ற வேதியியலாளர் 1831இல் ஐந்து குமிழ்கள் கொண்ட ஒரு கண்ணாடிக் கருவியை இதற்காகவே செய்தார். உள்ளே கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் பொட்டாஷ் கரைசல். அதன் எடை கூடினால், கூடிய ஒவ்வொரு 44 கிராமிலும் 12 கிராம் கார்பன்.

அப்புறம் ஒரு விஷயம். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கும் குளுக்கோஸுக்கும் சதவீதம் ஒன்றேதான்: கார்பன் 40, ஹைட்ரஜன் 6.7, ஆக்சிஜன் 53.3. இரண்டுக்கும் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்றே விகித வாய்ப்பாடு வரும்; அதன் நிறை 30. மூலக்கூறு நிறை தெரிந்தால்தான் பிரிக்க முடியும். அசிட்டிக் அமிலம் 60, ஆகவே எல்லாவற்றையும் இரண்டால் பெருக்க வேண்டும். குளுக்கோஸ் 180, ஆகவே ஆறால். கணக்கில் ஆவி அடர்த்தி (ஹைட்ரஜன் வாயுவைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது) கொடுத்திருந்தால், அதை இரட்டித்தால் மூலக்கூறு நிறை கிடைத்துவிடும்.