கொலுப் பொம்மை சொத்தா, செலவா?

கேள்வி: எனக்கு 57 வயது. திருவிடைமருதூரில் இருக்கிறோம். கணவர் ஓய்வு பெற்றவர், மாதம் 27,000 ரூபாய் ஓய்வூதியம். வங்கியில் 6 லட்சம் டெபாசிட் இருக்கிறது. மாமியார் காலத்திலிருந்து வீட்டில் 9 படி கொலு வைக்கிறோம். வருஷா வருஷம் புதிதாக ஏதாவது ஒரு செட் வாங்குவேன், 6,000 ரூபாய் வரை ஆகும். ஆடி, தீபாவளி, பொங்கலுக்குத் துணிக்கடையில் இனாமாகத் தரும் பொம்மைகளையும் விடமாட்டேன். நகைக்கடையில் இரண்டு சேமிப்புத் திட்டம் (மாதம் 2,000 வீதம்) போட்டிருக்கிறேன், தெருவில் ஒருவரிடம் மாதம் 1,000 ரூபாய் தீபாவளிச் சீட்டும் கட்டுகிறேன். போன மாதம் காரைக்குடியிலிருந்து வந்த ஒரு பழம்பொருள் வியாபாரி, இருக்கும் 140 பொம்மைகளையும் சேர்த்து 25,000 ரூபாய்க்குக் கேட்டார். பெங்களூரில் இருக்கும் மகள், "எனக்கு வேண்டாம், இடமில்லை, வித்துடும்மா" என்கிறாள். கணவரோ நான் காசைக் கரியாக்குகிறேன் என்கிறார். பழைய பொம்மைக்கு வருங்காலத்தில் நல்ல விலை வருமா? நான் சேர்ப்பது சொத்தா, வெறும் செலவா?

பதில்: வணக்கம் அம்மா. கடிதத்தோடு பழைய பில்களையும் பொம்மைப் படங்களையும் அனுப்பியது நல்லதாயிற்று. அவை இல்லாவிட்டால் நானும் உங்கள் கணவர் பக்கம்தான் சாய்ந்திருப்பேன்.

வருஷத்துக்கு 6,000 ரூபாய்க்கு நீங்கள் வாங்கும் பொம்மை செலவுதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அது கணக்கில் அடங்கிய செலவு. மாதத்துக்கு 500 ரூபாய். இந்த வருமானத்தில் அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசும் இல்லை, காரணமும் இல்லை. உங்கள் வீட்டில் பணம் ஒழுகுவது இனாம் என்ற பெயரில் வந்த பொம்மைகள் வழியாகத்தான்.

போன ஆடித் தள்ளுபடி பில்லைப் பாருங்கள். மொத்தம் 15,260 ரூபாய். நீங்களே ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறீர்கள்: வேட்டி, மகளுக்குப் புடவை, போர்வை என்று தேவைக்கு வாங்கியது 10,800. மீதி 4,460 ரூபாய்க்கு எடுத்த இரண்டு புடவைகளுக்கு நேராக, "15,000 தாண்ட" என்று எழுதியிருக்கிறீர்கள். 15,000-க்கு மேல் வாங்கியவர்களுக்கு ஐந்து பொம்மை கொண்ட வாத்தியக் கோஷ்டி இனாம். படத்தில் பார்த்தேன், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு வார்ப்பு, நாலு விரல் உயரம், மிருதங்கக்காரரின் முதுகில் கடைப் பெயர். இதே அளவு செட் கும்பகோணம் கடைத்தெருவில் 400, 500 ரூபாய்க்குக் கடைப் பெயர் இல்லாமலே கிடைக்கும். ஆடி, தீபாவளி, பொங்கல் மூன்றுக்கும் இப்படித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வருஷத்துக்கு 13,000 ரூபாய்க்கு மேல் இனாமுக்காகப் போகிறது. கொலுவுக்கு நேராகச் செலவழிப்பதைப் போல இரண்டு மடங்கு! அந்தப் புடவைகளை இதுவரை கட்டினீர்களா என்று மட்டும் ஒருமுறை யோசியுங்கள்.

அதே பணத்தில் மாதம் 1,000 ரூபாயைத் தபால் நிலைய ஐந்து வருஷ ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டால், 2023 அக்டோபரிலிருந்து தரப்படும் 6.7% வட்டிக்கு, கட்டிய 60,000 ரூபாய் முடிவில் சுமார் 71,300 ஆகும். பெரிய லாபம் என்று சொல்லவில்லை. ஆனால் அது உங்கள் பெயரில் இருக்கும்.

பழைய பொம்மைக்கு விலை ஏறுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த ஆசையால் ஒரு ஊரே ஆடியது அமெரிக்காவில் நடந்தது. 1993-இல் டை என்ற நிறுவனம் பீனி பேபீஸ் என்ற சின்னத் துணிப் பொம்மைகளைக் கொண்டுவந்தது. சில உருவங்களை மட்டும் திடீரென்று நிறுத்திவிடும். நின்றுபோன பொம்மைக்கு மறுவிற்பனையில் விலை எகிறும். 1997-இல் மெக்டொனால்ட்ஸ் அதன் குட்டி வடிவத்தைச் சாப்பாட்டோடு இனாமாகத் தந்தபோது, பொம்மையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. 1999-இல் லாஸ் வேகாஸில் விவாகரத்தான ஒரு தம்பதி, நீதிமன்றத் தரையில் பொம்மைகளைக் குவித்து வைத்து ஒவ்வொன்றாகப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அதே வருஷம், மொத்த உற்பத்தியையும் நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது. அதன் பிறகு விலை சரிந்ததுதான். காரணம் எளிது. விலை ஏறும் என்று எல்லோரும் பத்திரமாக எடுத்து வைத்தால், எல்லோரிடமும் இருக்கிற பொருளாகிவிடுகிறது. துணிக்கடை ஆயிரக்கணக்கில் அடித்துத் தரும் வாத்தியக் கோஷ்டிக்கும் இதே கதைதான்.

ஆனால் மாமியார் காலத்துப் பொம்மைகளை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. காரைக்குடிக்காரர் 140 பொம்மைக்கு 25,000 என்றால், ஒன்றுக்கு 180 ரூபாய்கூட வரவில்லை. வாத்தியக் கோஷ்டிக்காகவா அவர் அவ்வளவு தூரம் வந்திருப்பார்? உங்கள் படங்களில் என் கண்ணில் பட்டதை அவரும் பார்த்திருப்பார். மொத்தமாக விலை பேசும் வியாபாரி பெரும்பாலும் ஐந்தாறு பொருளுக்காகத்தான் பேசுவார். மறுபடி வந்தால், "ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். எதைக் கேட்டதும் தயங்குகிறாரோ அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

என் பார்வையில் தனியாக எடுத்து வைக்க வேண்டியவை: மூன்றாம் படியில் இருக்கும் செட்டியாரும் ஆச்சியும், சுட்ட மண்ணில் செய்தது. ஆச்சியின் புடவைக் கரையில் பழைய வண்ணம் இன்னும் இருக்கிறது. முன்னால் பருப்பு, அரிசி வைக்கும் குட்டித் தட்டுகளும் உடையாமல் முழுசாக இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் தசாவதார செட்டில் பத்தும் இருக்கிறது. பழம்பொருள் வாங்குகிறவர்கள் பார்ப்பது இரண்டுதான்: செட் முழுசாக இருக்கிறதா, வண்ணம் பழையதா. இந்த வருஷம் எல்லாவற்றையும் பளிச்சென்று மறுவண்ணம் பூசப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, இந்த இரண்டு செட்டின் மேல் மட்டும் தூரிகை பட வேண்டாம். மற்றவற்றுக்குத் தாராளமாகப் பூசுங்கள்.

மரப்பாச்சி ஜோடி செம்மரம் என்றால், வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஆசையாகக் கேட்கிறார் என்று கூரியரில் அனுப்பிவிடாதீர்கள். செம்மர ஏற்றுமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. வீட்டில் வைத்துக்கொள்வதில், மகளுக்குக் கொடுப்பதில் சிக்கல் இல்லை.

எனக்கு அதிகக் கவலை தருவது மேல்படியில் இருக்கும் ஒரு சாண் உயர உலோகக் கிருஷ்ணன். கணவரின் கொள்ளுப்பாட்டி காலத்தது என்கிறீர்கள். சுவாமிமலையில் பிற்பாடு வார்த்ததாக இருந்தால் பிரச்சினை இல்லை. 100 வருஷம் தாண்டியதாக இருந்தால், 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் அது தொல்பொருள். உலோகச் சிற்பம் பதிவு செய்ய வேண்டிய வகையில் வரும். வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தனியாருக்கு அனுமதி இல்லை. காவிரிக் கரையில் சிலை விவகாரம் எவ்வளவு பெரிசு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எனவே அதை 25,000-க்குள் ஒன்றாகப் போட்டு ஒரு கைமாற்றில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அது எந்தக் காலத்தது என்று தொல்லியல் துறையில் காட்டிக் கேளுங்கள். கொலு முடிந்து நிதானமாகச் செய்யலாம்.

வரி பற்றி இரண்டே வரி. வீட்டு உபயோகப் பொருளை விற்றால் பொதுவாக மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் ஆகியவற்றுக்கு அந்த விலக்கு இல்லை. சாதாரணப் பொம்மைகளை விற்றால் நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை, கிருஷ்ணன் வேறு கணக்கு.

பரணில் டிரங்குப் பெட்டி, பழைய வேட்டித் துணி, வசம்பு, கற்பூரம் எல்லாம் சரி. ஆனால் பாதிப் பெட்டிகள் திண்ணை அறையில் தரையோடு இருப்பதாகத் தெரிகிறது. காகிதக்கூழ் பொம்மை ஒரு முழம் தண்ணீரைத் தாங்காது. ஐப்பசி மழைக்கு முன் மேலே ஏற்றிவிடுங்கள். வீட்டுக்குக் காப்பீடு இல்லை என்றால், 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியைப் பாருங்கள். வெள்ளம், புயல் இரண்டும் அதில் அடக்கம். கட்டடத்துக்கு எடுக்கும் தொகையில் 20% வரை, அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே கிடைக்கும். கலைப்பொருளுக்கு மட்டும் தனியாக மதிப்பு சொல்லிச் சேர்க்க வேண்டும். பொம்மைக்காக என்று இல்லை, டெல்டாவில் சொந்த வீடு இருக்கிற யாரும் எடுக்க வேண்டிய பாலிசி இது.

நகைத் திட்டத்தை நான் முழுசாகத் தப்பென்று சொல்ல மாட்டேன். பொருளுக்கு வாங்கும் முன்பணத்தை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால் அது டெபாசிட் ஆகிவிடும் என்பது கம்பெனி விதி. அதனால்தான் 11 மாதத்தில் முடிக்கிறார்கள். சேதாரத்தை உண்மையிலேயே விட்டுக்கொடுத்தால், வாங்கப்போவது நிச்சயம் என்கிறவர்களுக்கு அது லாபம்தான். நீங்கள் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். மாதாமாதம் கட்டுவதைக் கிராமாக வரவு வைக்கிறார்களா, ரூபாயாகவா? ரூபாயாக என்றால், இடையில் தங்கம் ஏறும்போது அந்த ஏற்றம் உங்களுக்கு இல்லை. சேதாரம் எத்தனை சதவீதம் வரை தள்ளுபடி? நடுவில் நிறுத்தினால் இனாம் பொருளின் விலையைப் பிடித்துக்கொள்வார்களா? இதையெல்லாம் தாண்டி 3% ஜி.எஸ்.டி. வேறு இருக்கிறது. இரண்டாவது திட்டத்தை எதற்குச் சேர்ந்தீர்கள் என்று கடிதத்திலேயே இருக்கிறது: "வெள்ளி முலாம் பிள்ளையார் இரண்டு இருந்தால் படியில் இரண்டு பக்கமும் வைக்கலாம்". அம்மா, இனாமாக வரும் ஒரு பிள்ளையாருக்காக 22,000 ரூபாய் கட்டுகிறீர்கள்! முதல் திட்டம் முடியட்டும். இரண்டாவதை முடித்துவிட்டுப் புதுப்பிக்க வேண்டாம்.

தீபாவளிச் சீட்டில்தான் நான் கறாராக இருப்பேன். வருஷத்துக்கு 12,000 கட்டி, போன தீபாவளிக்கு வந்த இனிப்பு, பட்டாசு, எண்ணெய், பருப்பு, 2 கிராம் வெள்ளிக் காசு, சின்னக் குத்துவிளக்கு எல்லாவற்றையும் கடை விலைக்குப் போட்டால் 10,500 தேறும் என்று நீங்களே கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நட்டத்துக்கு நட்டம், ஆள் ஓடிவிட்டால் மொத்தமும் போச்சு. 1982-ஆம் வருஷச் சிட் பண்டு சட்டப்படி பதிவு செய்த சீட்டு அல்ல இது. முறைப்படுத்தப்படாத டெபாசிட் வாங்குவதைத் தடை செய்து 2019-இல் மத்தியச் சட்டமே வந்திருக்கிறது. 1997-லிருந்து தமிழ்நாட்டுக்கென்று முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் உண்டு, பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். ஆனால் புகார் கொடுக்கக் கையில் ரசீது வேண்டுமே? உங்களிடம் இருப்பது ஒரு சின்ன நோட்டில் தேதியும் டிக் குறியும் மட்டும். இந்த வருஷம் இனிமேல் கட்டும் ஒவ்வொரு மாதமும் ஜி-பே வழியாக மட்டும் கொடுங்கள், குறைந்தது அந்தத் தடமாவது இருக்கும். அவர் பழகினவர், நல்லவர் என்கிறீர்கள். இருக்கட்டும், நல்லவருக்கும் நெஞ்சுவலி வரும்.

மகள் வேண்டாம் என்பதை இப்போதே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெங்களூர் அடுக்கு மாடியில் மூன்று படி கொலு வைப்பவர்கள் நிறையப் பேர். செட்டியார் செட், தசாவதாரம், மரப்பாச்சி மூன்றையும் அவளுக்கென்று ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். மற்றவற்றில் இரட்டையாக இருப்பவை, கடைப் பெயர் போட்டவை எல்லாவற்றையும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கோ கோயில் கொலுவுக்கோ கொடுத்துவிடுங்கள். விற்க நினைத்தால் ஒன்றுக்கு 30, 40 ரூபாய் வரும், அலைச்சலுக்குக் கட்டாது.

புதுப் பொம்மைக்கு வருஷம் 6,000 என்ற எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை அச்சு வார்ப்பை விட்டுவிட்டு, புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை ஒரு ஜோடியைச் செய்கிறவரிடமே போய் வாங்கிப் பாருங்கள். விஜயதசமி கழிந்த வாரம் கடைகளில் மீந்திருக்கும் செட்டுகளைப் பேரம் பேசினால் படியும். அடுத்த வருஷத்துக்கு அப்போதே வாங்கிவிடலாம்.

சீட்டுக்காரர் தீபாவளிப் பொருளைக் கொடுத்த கையோடு அடுத்த வருஷத்துக்குப் பேர் எழுதிக்கொள்ள நோட்டை நீட்டுவார். முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சமாக இருக்கும். அதனால் அதற்கு முன்பே தபால் நிலையத்தில் ஆர்.டி.யைத் தொடங்கிவிட்டு, "ஆயிரத்தை அங்கே கட்ட ஆரம்பிச்சுட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். ஆதார், பான் அட்டை நகல்கள், இரண்டு புகைப்படம், முதல் மாதத் தொகை கொண்டுபோனால் போதும். நியமனதாரர் இடத்தில் மகள் பெயரை மறக்காமல் எழுதுங்கள்.