சோல்ட்டேரும் எங்கள் பிரதான வீதியும் - கடிதம்

அன்புள்ள தம்பி,

இங்கிலாந்தில் மகளிடம் பிராட்போர்ட் போயிருந்தபோது பக்கத்தில் சோல்ட்டேர் என்ற ஆலை ஊரைக் கொண்டுபோய்க் காட்டினாள். கம்பளி ஆலைத் தொழிலாளருக்கென்று 150 வருடங்களுக்கு முந்திக் கட்டின வீடுகள். தெருத் தலைப்பில் நின்று பார்த்தால் கடைசி வீடு வரைக்கும் ஒரே கல், ஒரே சீர். திரும்பி வந்து திருகோணமலைப் பிரதான வீதியால் நடந்தால் தகரம், கண்ணாடி, அலுமினியம். மிஞ்சியிருக்கிற இரண்டொரு பழைய கடையும் எப்போது இடிபடுமோ தெரியாது. ஒரு முதலாளிக்கு இருந்த ரசனை எங்கள் ஊர் முழுதுக்கும் இல்லாமல் போனதேன்?

வ., உவர்மலை

அன்புள்ள ரீச்சர்,

ரசனையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு உறுதியைப் பார்ப்போம். காணி உறுதியைத்தான் சொல்கிறேன்.

சோல்ட்டேரைக் கட்டின ஆலை முதலாளி டைட்டஸ் சோல்ட், பிராட்போர்டின் மேயராக இருந்தவர். ஆலைப் புகையும் கொலராவும் அந்த நகரத்தைப் படுத்தியெடுத்த காலம். தன் ஆலைகளை ஒன்றாக்கி ஏர் ஆற்றங்கரைக்கு நகர்த்தினார். அங்கே கால்வாயும் ரயில் பாதையும் ஒட்டியே ஓடின. இரக்கத்தோடு கணக்கும் தெரிந்த மனிதர். 1853இல், அவருடைய 50ஆவது பிறந்தநாளன்று ஆலை திறந்தது. லொக்வுட், மோசன் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் வரைந்து, அடுத்த 15 வருடங்களுக்குள் 800க்கு மேற்பட்ட வீடுகள் எழும்பின. தண்ணீர், எரிவாயு, பின்முற்றம், வீட்டுக்கொரு மலகூடம். மலையகத்தில் இன்றைக்கும் தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவில் குடும்பம் நடத்துகிறவர்களை நினைத்தால் இது லேசான காரியமில்லை.

ஆனால் ‘ஒரே சீர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வரிசைகளின் முனைகளைக் கவனித்தீர்களா? சில தெருக்களில் நீளமாக இரண்டு மாடி வீடுகள் போய், முனைக்கு வந்ததும் மூன்று மாடியாக உயரும். சில வீடுகளுக்கு மட்டும் முன்னால் ஒரு துண்டுத் தோட்டம். சாதாரண நெசவாளிக்கு ஓர் அளவு, கங்காணிக்கு ஓர் அளவு, ஆலை அதிகாரிக்கு இன்னோர் அளவு. சம்பளப் புத்தகத்தை விரித்துக் கல்லில் கட்டினது போலத்தான் எனக்குத் தெரிகிறது. தெருக்களின் பெயரும் அப்படித்தான்: கரோலைன் அவர் மனைவி, ஹெலன், ஃபனி, ஹேர்பேட் எல்லாம் பிள்ளைகள். வேலை முடிந்து களைத்து வருகிறவன் முதலாளி வீட்டுப் பிள்ளையின் பெயருக்குள்ளே நுழைந்துதான் படுக்கவேண்டும். சிறுவர்களுக்கு அரைநாள் ஆலை, அரைநாள் பள்ளிக்கூடம். ஊருக்குள் மதுச்சாலைக்கு இடமில்லை. (பிற்காலத்தில் அங்கே ஒரு மதுச்சாலை திறந்தவர்கள் அதற்கு ‘டைட்டஸிடம் சொல்லாதே’ என்று பெயர் வைத்தார்கள். ஆள் செத்து நூறு வருடத்துக்கு மேலாகியும் பயம் போகவில்லை!)

குடியிருந்தவர் எவருக்கும் அந்த வீடு சொந்தமில்லை. யன்னலை மாற்ற நினைத்தாலும் மாற்ற முடியாது. 1933இல்தான் வீடுகளெல்லாம் ஆலையின் கையை விட்டு விலைப்பட்டன. பிறகு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986இல் ஆலை நின்றுபோக, 2001இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. முதலில் முதலாளி, பிறகு சட்டம். நீங்கள் பார்த்த சீர் அப்படிக் காப்பாற்றப்பட்டது.

இங்கே கதை வேறு. கிழக்கில் வீடு பெண்ணுக்குப் போகும். ஒரு வளவு, மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று சீதன உறுதி. மூத்தவளுக்குப் பழைய வீடு, அடுத்தவளுக்கு முற்றத்தில் ஒன்று, கடைசிக்கு ஒழுங்கைப் பக்கம் மிஞ்சின துண்டு. பீலி ஓட்டுக் கூரை நடுவில் வெட்டுப்படாமல் என்ன செய்யும்? போதாததற்கு யுத்தம், இடப்பெயர்வு, 2004 சுனாமி, வெளிநாட்டுக் காசு. ஊர் ரசனை கெட்டு இடித்தது என்று சொன்னால், பிள்ளைகளைக் கரைசேர்த்த தாய்தகப்பன் மேல் பழி போடுவதாகிவிடும்.

ஒரே கையில் இருந்த இடங்கள் எங்கள் ஊரிலும் குலையாமல்தான் கிடக்கின்றன. 1957இல் பிரித்தானியர் கையளித்துப்போன கடற்படைத் துறைமுகம் ஒன்று. சீனன்குடாக் காட்டுக்குள் நிற்கிற எண்ணெய்த் தாங்கிகள் இன்னொன்று. இரும்பு உருளைகள், 1942 ஏப்ரல் ஜப்பானியர் குண்டுபோட்டு ஒன்று எரிந்தும், 99 இன்னும் வரிசையாக நிற்கின்றன. அழகு என்று அவற்றை நான் சொல்ல மாட்டேன்.

பிரதான வீதிக்கு என் ஆசை சின்னது. சோல்ட்டேர் மாதிரிச் சீர் வேண்டாம். பழைய கடைகளின் பலகைக் கதவைப் பாருங்கள்: பலகைக்குப் பலகை இலக்கம் எழுதி, விடியக் கழற்றி, இரவில் அதே ஒழுங்கில் தவாளிப்பில் தள்ளிப் பூட்டுவார்கள். 4ஐ 5இன் இடத்தில் போட்டால் கடைசிப் பலகை இறங்காது. அந்தக் கதவும் மேலே காற்றுக்கு விட்ட மரச் சலாகையும் வெயிலுக்கு மறைப்பான விறாந்தையும் நின்றால் போதும். பின்னால் எத்தனை மாடியும் கட்டட்டும். கட்டட அனுமதி கொடுக்கிறவர்கள் வரைபடத்தில் ஒரு வரி சேர்த்தால் நடக்கிற காரியம். உங்களிடம் படித்த பலர் இன்று அந்தக் கதிரைகளில்தான் இருக்கிறார்கள், நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் எடுபடும்.

அடுத்த முறை மகளிடம் போனால் முன்தெருவை விட்டு, வரிசைகளுக்கு இடையிலுள்ள பின்ஒழுங்கைகளால் நடந்து பாருங்கள். சனம் தன்பாட்டுக்கு மாற்றியது என்ன இருக்கிறதென்று பார்க்கவேண்டும். படம் எடுத்தால் எனக்கும் அனுப்புங்கள்.