வண்ண விளக்கு செட் வாங்கலாமா, டார்ச் போதுமா?

கேள்வி: இருட்டறையில் ஒளியால் கோடு இழுப்பது, சுவரில் வண்ண நிழல்கள் விழவைப்பது மாதிரியான படங்கள் எடுக்க ஆசை. மிரர்லெஸ் கேமராவும் அதோடு வந்த லென்ஸும் இருக்கின்றன. நிறம் மாறும் எல்இடி பேனல் குறைந்தது இரண்டு வேண்டும் என்கிறார்கள் கடையில். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதல் செலவு டிரைபாடுக்குத்தான். கேமராவை அதில் பூட்டி, லென்ஸ் முனையை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஆட்டம் சட்டென்று அடங்காவிட்டால் அந்த டிரைபாட் வேண்டாம்.

அடுத்தது ஒரு நல்ல டார்ச். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விலை குறைந்த பல டார்ச்சுகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரியும். கேமரா அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஷட்டரை ஒரு விநாடிக்கு வைத்து, குறைந்த வெளிச்சத்தில் டார்ச்சை லென்ஸுக்கு முன்னால் வேகமாக வீசிப் பாருங்கள். கோடு தொடர்ச்சியாக விழுந்தால் நல்லது. புள்ளி புள்ளியாக விழுந்தால் அந்த டார்ச்சில் இழைந்தோடும் கோடு கிடைக்காது.

வண்ண நிழலுக்கு இரண்டு விளக்கு எதற்கு? அறையை நன்றாக இருட்டாக்கி, ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/8, ஷட்டர் 20 விநாடி என்று ஆரம்பியுங்கள். டார்ச்சில் சிவப்பு ஜெல் தாளை (ஒளி ஊடுருவும் வண்ணத் தாள்) ஒட்டி, பொருளின் இடப்பக்கமிருந்து சில விநாடி அடியுங்கள். அணைத்துவிட்டு, பச்சைத் தாளை மாற்றி வலப்பக்கமிருந்து அடியுங்கள். சிவப்பு ஒளியின் நிழல் பச்சையாகவும், பச்சை ஒளியின் நிழல் சிவப்பாகவும் விழும். இரண்டும் சேரும் இடம் மஞ்சளாகும். ஷட்டர் திறந்திருக்கும்வரை வரும் ஒளியையெல்லாம் கேமரா கூட்டிக்கொண்டே போகும் என்பதால் ஒரே டார்ச் இரண்டு விளக்காகிவிடுகிறது. பொருள் மட்டும் அசையக் கூடாது.

ஆட்களை எடுக்கப் போகிறீர்கள், வீடியோவும் வேண்டும் என்றால் பேனல் பற்றி யோசிக்கலாம். அப்போது வாட் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். அது விளக்கு இழுக்கும் மின்சாரம்தான். ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை லக்ஸ் (அங்கே விழும் வெளிச்சத்தின் அளவு) என்று கேளுங்கள். பேனலின் வெளிச்சத்தை 10 சதவீதத்துக்கு இறக்கி, ஷட்டரை 1/1000 விநாடியில் வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். பட்டை பட்டையாக விழுந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெட்டியில் சிஆர்ஐ 95 என்பது போல இருக்கும்; விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது. வழக்கமாக அது எட்டு நிறங்களின் சராசரி, அடர் சிவப்பு அதில் சேராது. முகத்தின் நிறம் சரியாக வர அதுவும் முக்கியம் என்பதால் அடர் சிவப்புக்கான மதிப்பெண்ணான ஆர்9 எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: பழைய ஃப்ளாஷ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. என் டிஜிட்டல் கேமராவில் மாட்டலாமா?

பதில்: அளந்து பார்க்காமல் மாட்டாதீர்கள். பழைய ஃப்ளாஷ்கள் சிலவற்றில் டிரிகர் வோல்டேஜ் (ஃப்ளாஷ் மின்னும்போது கேமராவின் தொடர்பு முனையில் வரும் மின்னழுத்தம்) 200 வோல்ட்டைத் தாண்டும். கேமராவின் சர்க்யூட் போய்விடலாம். ஃப்ளாஷ் முழுதாகச் சார்ஜ் ஆனதும், அடிப்பாகத்தின் நடு முனைக்கும் பக்கவாட்டு உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கேமரா தாங்கும் அளவைவிட அதிகமென்றால் கேமராவில் மாட்டவே கூடாது. ஆனால் மேலே சொன்ன 20 விநாடிப் படங்களுக்கு அது அருமையாக உதவும். ஷட்டர் திறந்திருக்கும்போது கையில் வைத்துக்கொண்டு டெஸ்ட் பட்டனை அழுத்தினால் போதும், கேமராவோடு தொடர்பே தேவையில்லை.