தங்கத்துக்கு எடை உண்டு!

கேள்வி: மந்திரப் படம் என்றால்கூட உங்கள் விமர்சகர் லாஜிக் கேட்கிறார். பேசும் பாம்பையும் பறக்கும் கம்பளத்தையும் ஒப்புக்கொள்பவர், புதையல் பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடினால் மட்டும் ஏன் கொதிக்கிறார்? குறும்படம் ஒன்றுக்காகப் புதையல் அறை போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்படிப் பார்த்தால் எதைத்தான் எடுப்பது?

பதில்: பாம்பு பேசும் என்பதைப் படம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். தங்கம் பஞ்சு மாதிரி இருக்கும் என்று எந்தக் காட்சியில் சொன்னார்கள்? மந்திரத்துக்குக் கேட்ட சலுகை மந்திரத்துக்கு மட்டும்தான்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் தங்கம் 19.3 கிலோ. நீளம் 50 செ.மீ., அகலமும் உயரமும் 30 செ.மீ. உள்ள பெட்டி 45 லிட்டர் கொள்ளும். அதில் காசுகளைக் கொட்டினால் இடைவெளி போக 60 சதவீதம் தங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 கிலோவைத் தாண்டுகிறது. 22 காரட் என்றாலும் 450-க்குக் குறையாது. உங்கள் ஆட்கள் தூக்கினால் கைப்பிடிதான் கையோடு வரும்.

1981-ல் வந்த ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். பீடத்திலிருக்கும் பொற்சிலையை எடுத்துவிட்டு மணல் பையை வைக்கிறார் நாயகன். சிலை ஒன்றரை லிட்டர் அளவு என்றால் கெட்டித் தங்கத்தில் 29 கிலோ. அதே அளவு உலர்ந்த மணல் இரண்டரைக் கிலோகூட வராது. இந்த அழகில் அவர் பையிலிருந்து கொஞ்சம் மணலை வேறு கொட்டுகிறார்! அப்புறம் அந்தச் சிலையைப் பள்ளத்துக்கு மறுபக்கம் நிற்பவனிடம் வீசுகிறார். ‘உள்ளே வெற்றிடம்தான்’ என்று ஒரே ஒரு வசனம் வைத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அந்தக் காட்சி எனக்கும் பிடிக்கும்.

எடையைவிடப் பெரிய ஓட்டை காவலில். புதையல் காத்த பூதம் என்று சொல்லிக்கொள்கிறோமே, அந்தப் பூதத்துக்கு வேலை விதி என்ன என்று யாராவது எழுதுகிறார்களா? அலிபாபா கதையின் குகை நல்ல பாடம். உள்ளே போகவும் மந்திரச் சொல் வேண்டும், வெளியே வரவும் வேண்டும். திருடனை உள்ளே விட்டு மாட்டவைக்கும் அருமையான பூட்டு அது. அலிபாபாவின் சகோதரன் காசிம் அப்படித்தான் சிக்கி, கொள்ளையர் கையால் சாகிறான். ஆனால் ‘திறந்திடு சீசேம்’ என்று உரக்கச் சொல்ல வேண்டியிருப்பதால் மரத்தில் ஒளிந்திருப்பவனுக்கும் கேட்டுவிடுகிறது. குகையில் கிடந்த அவன் பிணம் காணாமல் போனதும், சொல் வெளியே கசிந்தது கொள்ளையருக்குத் தெரிந்துவிடுகிறது. அப்போதும் சொல்லை மாற்ற முடியவில்லை. கடவுச்சொல்லை மாற்ற வசதியில்லாத பூட்டு! இந்தக் குறையிலிருந்துதான் மீதிக் கதையே பிறக்கிறது. இப்படிக் கதைக்கு உதவும் ஓட்டை இருந்தால் நாங்கள் வாயே திறக்க மாட்டோம்.

2011-ல் வந்த ஹாரி பாட்டர் கடைசிப் படத்தின் வங்கி அறையிலும் விதி ஒற்றை வரிதான்: தொட்டது பெருகும். திருடியவன் திருடிய பொருளிலேயே புதைவான். அந்தக் காட்சிக்காக 38,000 ரப்பர் பொக்கிஷங்கள் செய்தார்கள். கிண்ணம் மட்டும் 7,014. நடிகர்கள் அவற்றின் மேல் விழுந்து புரள வேண்டியிருந்ததால் உலோகம் சரிப்படாது.

சுவரையும் மறக்காதீர்கள். எகிப்தின் பெரிய பிரமிடில் மேலேறும் வழியைக் கருங்கல் கட்டைகளால் அடைத்திருந்தார்கள். குடைந்தவர்கள் கருங்கல்லோடு மல்லுக்கு நிற்கவில்லை. பக்கத்திலிருந்த மெத்தென்ற சுண்ணாம்புக்கல்லைத் தோண்டிச் சுற்றிக்கொண்டு போனார்கள். உங்கள் கதவில் விடுகதை இருக்கிறது சரி. திருடன் ஏன் சுவரை இடிக்கவில்லை என்பதற்கும் ஒரு வரி வையுங்கள். பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், நூற்றாண்டுக்கணக்கில் கிடக்காது. எரிந்துகொண்டேயிருக்கும் தீவட்டியை ஏற்றியது யார் என்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இனி உங்கள் செட். ஆயிரம் வருட அறையில் எல்லாமே பளபளக்கக் கூடாது. தங்கம் அப்படியே இருக்கும், வெள்ளி கறுக்கும், செம்பு பச்சை பூக்கும், இரும்பு துருவேறும், முத்து ஒளி மங்கும், பட்டு தொட்டால் உதிரும். இந்த நிற வேறுபாடே தங்கத்தைத் தூக்கிக் காட்டும்.

குவியல் முழுக்கக் காசு வேண்டாம். அடியில் அட்டைப் பெட்டியும் தெர்மாகோலும் அடுக்கித் துணி போர்த்தி, மேலே ஐந்து செ.மீ. கனத்துக்குக் காசு பரப்பினால் போதும். தெர்மாகோல் மீது நேரடியாகத் தங்க ஸ்பிரே அடித்துவிடாதீர்கள்; அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துக் குழியாக்கிவிடும். முதலில் தண்ணீரில் கரையும் பெயின்ட் இரண்டு கோட் கொடுத்துக் காயவிட்டு, அதன் மேல் அடியுங்கள். ஒரே தங்க நிறம் கேமராவில் கடுகு நிறமாகத் தெரியும்; மூன்று சாயல் கலக்க வேண்டும். அறை முழுக்க வெளிச்சத்தைக் கொட்டினாலும் தங்கம் செத்துவிடும். அதற்குப் பிரதிபலிக்க இருட்டு வேண்டும். சுற்றிலும் கறுப்புத் துணி கட்டி, ஒன்றிரண்டு சின்ன விளக்கு மட்டும் வையுங்கள். பிளாஸ்டிக் காசு சடசடக்கும். நடிகர் கை போகும் இடத்தில் நிஜ உலோகக் காசு ஒரு பிடி போடுங்கள், மீதிச் சத்தத்தை டப்பிங்கில் சேருங்கள்.

பெட்டியை ஓட்டமாகத் தூக்கிப் போவதை விட்டுவிடுங்கள். இழுத்தே தீர வேண்டுமென்றால் உள்ளே பத்துப் பன்னிரண்டு செங்கல் அடுக்குங்கள். தோள் தானாகச் சரியும், கால் தானாக அகலும். ஓடத்தான் வேண்டுமா? ஆளுக்கு ஒரு பை கொடுங்கள். 20 கிலோ தங்கக் காசு இரண்டு லிட்டர் பாட்டிலுக்குள் அடங்கிவிடும்; பை சின்னதாகவே இருக்கட்டும்.