பிழைக்க மாட்டார் என்று தெரிந்த நோயாளியை 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவர்கள் கைவிட்டார்களா?

பலர் விலகிக்கொண்டது உண்மைதான். ஆங்கிலத் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் 1605இல் இதைக் கண்டித்து, வலியைத் தணிப்பது குணப்படுத்துவதற்காக மட்டுமன்றி, குணமாகும் நம்பிக்கை அற்றுப்போன பின் உயிர் அமைதியாகப் பிரிவதற்காகவும் மருத்துவர் செய்ய வேண்டிய பணி என்று எழுதினார். அதற்கு அவர் ஆண்ட சொல் ‘யூத்தனேசியா’. இன்று நாம் சொல்லும் கருணைக்கொலை அதன் பொருளன்று.

கையிலிருந்த வலுவான மருந்து அபின். லண்டன் மருத்துவர் தாமஸ் சிடன்ஹாமின் லாடனம், ஒரு பைண்ட் (ஏறத்தாழ அரை லிட்டர்) ஒயினில் 2 அவுன்ஸ் அபினும் 1 அவுன்ஸ் குங்குமப்பூவும் சிறிது இலவங்கப்பட்டை, கிராம்புத் தூளும் ஊறவைத்து வடித்தது. சொட்டுக் கணக்கில் கொடுக்கப்பட்டது. வலியும் இருமலும் வயிற்றுப்போக்கும் அதில் அடங்கின. அளவு மிஞ்சினால் மூச்சும் அடங்கிவிடும் என்பதுதான் சிக்கல்.

வீட்டார் கையாண்ட வழி வேறு. தலையணையிலுள்ள சில பறவைகளின் இறகு உயிரைப் பிரியவிடாமல் பிடித்துவைக்கிறது என்று நம்பி, இழுத்துக்கொண்டு கிடப்பவரின் தலைக்கடியிலிருந்து தலையணையைச் சட்டென உருவிவிடுவார்கள். (நம்பிக்கை இறகைப் பற்றியது; ஆனால் சாவை விரைவுபடுத்தியது தலை திடீரெனப் பின்னால் சரிந்ததாகவே இருக்க வேண்டும்.) இவ்வழக்கம் கூடாதென்று வாதிடுவதற்கென்றே 1678இல் காஸ்பார் குவெஸ்டெல் என்ற சட்ட அறிஞர் ஒரு லத்தீன் நூல் எழுதினார், இரக்கத்தால் செய்தாலும் சாவை முந்தவைப்பது தவறு என்பது அவர் கட்சி.