அந்தத் துலாவை ஏன் எறிந்தீர்கள்?

கேள்வி: பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். எங்களோடு இருக்கும் அப்பாவுக்கு 76 வயது, கதைப்பது குறைவு. கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு அவரையும் டிசி என்ற சின்ன ஊரில் உள்ள 'லா ஃபபுலோஸ்ரி' அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனோம். கலை படிக்காத ஆட்கள் கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்த பொருள்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவோ தோட்டத்தில் மோட்டாரில் ஓடிக்கொண்டிருந்த தகரப் பொம்மைச் சுற்று ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். கூப்பிடக் கூப்பிட வரவில்லை, கண் கலங்கியிருந்தது. வீடு திரும்பிய நாளிலிருந்து அறையைவிட்டு வெளியே வருவதில்லை. முன்பும் பல்கனியில் பால்பேணி, கம்பி என்று சேர்த்து வைத்திருந்தார், கிணற்றில் தண்ணீர் இறைக்கும் துலா மாதிரி ஒன்றுகூடச் செய்தார். மகளின் பிறந்தநாளுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று எல்லாவற்றையும் எறிந்து துப்பரவாக்கினேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. இது மறதி நோயின் தொடக்கமா? முதியோர் இல்லம் பார்க்கலாமா?

பதில்: மறதி நோயா என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், காட்டுங்கள். என்னால் தாண்டிப் போக முடியாதது "துலா மாதிரி ஒன்று" என்ற உங்கள் வரியைத்தான். என்ன மாதிரி? கயிற்றை இழுத்தால் ஆடியதா? வாளி தொங்கியதா? துலாவில் ஏறி மிதிக்க ஓர் ஆளையும் செய்து வைத்திருந்தாரா? உங்கள் கையால்தானே குப்பைப் பைக்குள் போட்டீர்கள், அப்போதாவது பார்த்தீர்களா?

அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். மகள் வீட்டில், மகள் போடும் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தகப்பன் என்ன சொல்வார் பிள்ளை? அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்களே!

அவர் கண் கலங்கி நின்ற சுற்றைச் செய்தவர் பியேர் அவெஸார். 1909இல் பிறந்தவர். பிறக்கும்போதே முகம் கோணியிருந்தது, காது சரியாகக் கேட்காது, பேச்சும் சரியாக வராது. மற்றப் பிள்ளைகளின் கேலியில் பள்ளிக்கூடம் சின்ன வயதிலேயே நின்றுபோனது. மாடு மேய்த்தார். தகரத்தையும் கம்பியையும் வெட்டி, வளைத்து, மாடு, விமானம், சைக்கிள்காரர், ஈஃபிள் கோபுரம் என்று தான் கண்டதையெல்லாம் செய்து மோட்டார் பூட்டி ஓடவிட்டார். உங்கள் அப்பாவும் தான் கண்ட கிணற்றடியைத்தான் செய்தார். வாய் திறந்து கதைக்காத மனிதர் கையால் கதைத்ததைக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கதைப்பது குறைவு என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

பியேர் வயதாகி முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு, பார்க்க ஆளில்லாமல் அந்தச் சுற்றும் பழுதாகிக் கிடந்தது. 1980களில் அதைக் கழற்றி டிசிக்குக் கொண்டுவந்து திரும்பப் பூட்டினார்கள். அந்த அருங்காட்சியகத்தை 1983இல் திறந்தவர் அலென் பூர்போனே என்ற கட்டடக் கலைஞர். அவரும் மனைவியும் இறந்துபோன பிறகு அதைப் பொறுப்பெடுத்தவர்கள் அவர்களுடைய மகள்கள். தகப்பன் சேர்த்து வைத்த சாமான்களை மகள்கள் காத்து நிற்கிற இடத்துக்குப் போய்விட்டு வந்து, முதியோர் இல்லம் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரு காரணமும் இல்லை. பெற்றவரைப் பார்ப்பது பிள்ளையின் கடமை. பாரிஸுக்கு வந்தாலும் அது மாறாது.

சரி, இன்றைக்கே அவருடைய அறைக் கதவைத் தட்டுங்கள். "அப்பா, உங்கள் துலாவை எறிந்தது என் பிழை" என்று சொல்லுங்கள். இடம் போதவில்லை, ஆட்கள் வந்தார்கள் என்று காரணம் சொல்லத் தொடங்க வேண்டாம். பல்கனியில் பாதியை அவருக்கு விடுங்கள். தகரம் வெட்டும் கத்தரியும் நல்ல குறடும் வாங்கிக் கொடுங்கள். வெறும் பேணிகளைக் கழுவி, விளிம்பு கையை வெட்டாமல் தட்டி, தாத்தாவிடம் கொடுப்பது மகளின் வேலையாக இருக்கட்டும். அவளுடைய பிறந்தநாளுக்காகத்தானே எல்லாம் போனது.

அப்புறம், குளிர்காலத்துக்கு மூடுவதற்குள் டிசிக்கு இன்னொரு தரம் போங்கள். இந்த முறை அவரைக் கூப்பிட வேண்டாம். பக்கத்தில் போய் நின்று, எந்தச் சக்கரம் எதை இழுக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.