வயதான ஆமை, இகுவானா, பாம்பு: கடைசிக் காலக் கேள்விகளும் பதில்களும்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். மாடும் ஆடும்தான் அன்றாட வேலை. ஊர்வன வளர்ப்பவர்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூடிவிட்டதால் அவையும் என்னிடம் வருகின்றன. அவர்கள் கேட்டவற்றில் கடைசிக் காலம் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வேலந்தாவளத்திலிருந்து ஒருவர்: எங்கள் சிவப்புக் காது ஆமைக்கு 22 வயது. மார்கழியிலிருந்து சாப்பிடவில்லை, ஒரு மூலையிலேயே கிடக்கிறது. வயதாகிவிட்டது, தொந்தரவு செய்யாமல் போக விட்டுவிடலாமா டாக்டர்?

இப்போதைக்கு வேண்டாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த இனம் 30 வருடம் தாண்டியும் இருக்கும். நீங்கள் சொன்னதில் என் கண்ணில் பட்டது வயது இல்லை, மார்கழி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் சிமெண்ட் தரையில் வைத்த தொட்டித் தண்ணீர் ராத்திரியில் எவ்வளவு குளிரும் என்று கையை விட்டுப் பாருங்கள். ஆமையின் உடம்பு நம் உடம்பைப் போலத் தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், நோயை எதிர்க்கும் சக்தி இறங்கும், நாங்கள் போடும் மருந்துகூடச் சரியாக வேலை செய்யாது. என்னிடம் ‘வயதாகிவிட்டது’ என்று கொண்டுவரப்படும் ஆமைகளில் நிறைய, குளிரில் கிடப்பவைதான்.

முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். தண்ணீர் 25 முதல் 27 டிகிரி. ஏறி உட்கார ஒரு காய்ந்த மேடை, அதன் மேல் விளக்குச் சூடு 32 டிகிரி அளவில். புற ஊதா விளக்கு வருடக்கணக்கில் மாற்றாமல் இருந்தால் மாற்றுங்கள். வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும், அதில் வர வேண்டிய புற ஊதாக் கதிர் மட்டும் எப்போதோ நின்றிருக்கும்.

அப்புறம், அது பெண்ணா? ஆண் துணை இல்லாமலே பெண் ஆமை முட்டை வைக்கும். மண் இல்லாத தொட்டியில் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கும். ஒரு எக்ஸ்ரே போதும், தெரிந்துவிடும். தண்ணீரில் ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ நிமோனியாவாக இருக்கலாம். சூடு வைத்துப் பார்க்கிறேன் என்று காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். இதையெல்லாம் பார்த்து முடித்த பிறகும் அப்படியே கிடந்தால், நீங்கள் கேட்ட கேள்வியை அப்போது பேசுவோம்.

வண்டித்தாவளம்: வீட்டில் நாங்களே எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

எடை. சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை, அதே கிழமையில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். ஊர்வன வலியை முகத்தில் காட்டாது. எடை மறைக்காது. கண் உள்ளே போவது, தோல் சுருங்கி நிற்பது, நடக்கும்போது வயிறு தரையில் இழுபடுவது இவற்றையும் எழுதிவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. குளிர்ந்து வறண்டு கிடக்கும் பிராணியின் வாயில் உணவைத் திணிக்காதீர்கள். முதலில் சூடு, பிறகு நீர், கடைசியில்தான் உணவு. தரை ஆமையையும் இகுவானாவையும் தாடை மூழ்காத அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம், ஆள் பக்கத்தில் இருந்து, உட்கார வைக்கலாம்.

பொள்ளாச்சி: பச்சை இகுவானா, 14 வயது. கிட்னி போய்விட்டது என்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனை இரண்டிலும் வந்துவிட்டது. கருணைக்கொலை செய்வதா என்று கேட்டால் டாக்டர் ‘நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்கிறார். எப்படி முடிவு செய்வது?

கஷ்டமான பொறுப்பை உங்கள் கையில் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, தினமும் பக்கத்தில் இருந்து பார்ப்பவர் நீங்கள்தான்.

வயதான இகுவானாவுக்குக் கிட்னி கெடுவது அடிக்கடி பார்ப்பது. கெட்ட கிட்னி வீங்கி மலக்குடலை நெருக்கும். அதனால்தான் பல பேர் முதலில் மலச்சிக்கல் என்று கொண்டுவருகிறார்கள். யூரிக் அமிலம் வெளியேறாமல் மூட்டுகளில் படியும், அது மிகவும் வலிக்கும். இந்த நிலையிலிருந்து கிட்னி திரும்பி வராது. தோலுக்கு அடியில் சலைன், பாஸ்பரஸைக் குறைக்கும் மருந்து, வலிக்கு மருந்து, நல்ல சூடு இவற்றை வைத்துக் கொஞ்ச காலம் சௌகரியமாக வைத்திருக்கலாம். அந்தக் கொஞ்ச காலம் எவ்வளவு என்பது கிட்னி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நான் சொல்வது இதுதான். உங்கள் இகுவானா தானாக விரும்பிச் செய்யும் நாலைந்து காரியங்களை இப்போதே எழுதிவையுங்கள். கிளையில் ஏறுவது, வெயில் வரும் ஜன்னலுக்குப் போவது, செம்பருத்திப் பூவைக் கண்டால் நாக்கை நீட்டுவது, உங்கள் குரலுக்குத் தலை தூக்குவது, இப்படி. தினக் காலண்டர் தாளில் ஒவ்வொரு நாளும் அவற்றில் எவை நடந்தன என்று குறியுங்கள். பாதிக்கு மேல் நின்றுபோன நாட்கள் தொடர்ந்து வர ஆரம்பித்தால், ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யும் நேரம் வந்துவிட்டது. இதை இன்றைக்கே, மனம் தெளிவாக இருக்கும்போது, வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து பேசி வையுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அது மூச்சுத் திணறும்போது யாருக்கும் யோசனை ஓடாது. மேலும் அந்த நேரத்தில் ஊர்வன பார்க்கும் மருத்துவர் நம் பக்கத்தில் கிடைப்பது அபூர்வம்.

மீனாட்சிபுரம்: உயிரை நாமே எடுப்பது பாவம் என்கிறார் அம்மா. இயற்கையாகப் போகட்டும் என்று விட்டால் என்ன தவறு?

அம்மாவோடு சண்டை போட மாட்டேன். ஆனால் ‘இயற்கையாக’ என்பது ஊர்வனவுக்கு எப்படி இருக்கும் என்று அவர் தெரிந்துகொண்டு சொல்லட்டும். நாயோ பூனையோ சாப்பிடாவிட்டால் சில நாட்களில் முடிவு தெரியும். ஆமையின் உடம்பு மெதுவாக ஓடுவது. சாப்பிடாமல், வலியோடு, வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். காட்டில் அதற்குள் கீரியோ காக்கையோ முடித்துவிடும். கண்ணாடித் தொட்டிக்குள் அந்த இயற்கையும் வராது.

கருணைக்கொலை ஊசி வேண்டாம் என்று வீட்டில் முடிவானால் சரி, அதுவும் ஒரு வழிதான். ஆனால் அது சும்மா விட்டுவிடுவது இல்லை. வலி மருந்து வேளாவேளைக்குக் கொடுக்க வேண்டும், சூடு குறையக் கூடாது, புண் வராமல் மெத்தென்ற துணியில் கிடத்தி மாற்றிப் போட வேண்டும், தண்ணீர் ஆமையானால் மூழ்கிவிடாதபடி ஈரத் துணியில் வைக்க வேண்டும். யார் செய்வது என்று கேளுங்கள். அம்மா நான் செய்கிறேன் என்றால் அவர் பேச்சுக்கு மரியாதை கொடுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: ஃப்ரீசரில் வைத்துவிட்டால் தூக்கத்திலேயே போய்விடும், வலிக்காது என்கிறார்களே?

வைக்காதீர்கள். இந்தக் கதை எங்கே போனாலும் காதில் விழுகிறது. குளிர்ந்த உடம்பு அசையாது, அதனால் வலி இல்லை என்று பார்ப்பவருக்குத் தோன்றுகிறது. அசைய முடியாததும் வலிக்காததும் வேறு வேறு. திசுவுக்குள் தண்ணீர் உறைந்து பனித் துகளாகும்போது உயிர் உள்ளே இருக்கும். வளர்ந்த ஆமை, பல்லி, பாம்பு எதற்கும் இது ஏற்ற முறை இல்லை.

தலையை வெட்டுவதும் அப்படித்தான். ஊர்வனவின் மூளை ஆக்சிஜன் இல்லாமலே நெடுநேரம் தாங்கும். வெட்டிய பிறகும் உணர்வு கொஞ்ச நேரம் இருக்கும்.

சித்தூர்: ஆஸ்பத்திரியில் என்னதான் செய்வார்கள்? நான் பக்கத்தில் இருக்கலாமா?

இருக்கலாம். முதலில் ஆழ்ந்த மயக்கம் வரும் ஊசி. அது ஏற நேரம் பிடிக்கும், அவசரப்படக் கூடாது. ஆமை மூச்சை வெகுநேரம் அடக்கும் பிராணி என்பதால் மயக்க வாயுவை மட்டும் நம்ப முடியாது. தொட்டாலும் கிள்ளினாலும் அசைவு இல்லை என்று உறுதியான பிறகு பென்டோபார்பிட்டால் போன்ற மருந்தை ரத்தக் குழாயிலோ உடலுக்குள்ளோ செலுத்துவார்கள்.

இதற்கு மேல் நடப்பதை மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லாததால் பல பேர் பயந்துபோகிறார்கள். இறந்த பிறகும் ஊர்வனவின் இதயம் வெகுநேரம் துடிக்கலாம். மூளை நின்றாலும் அந்தத் தசை தன் போக்கில் ஓடும். காலும் சற்று இழுக்கும். அது திரும்பி வருவது இல்லை. ஆனாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று, மயக்கத்திலேயே மூளையை அழிக்கும் ஒரு வேலையும் கடைசியில் செய்வது முறை. அந்த நேரத்தில் நீங்கள் வெளியே போய்விடுங்கள். உடலை மறுநாள்தான் தருவேன் என்று மருத்துவர் சொன்னால் கோபப்படாதீர்கள், அவர் சரியாகத்தான் செய்கிறார்.

எங்கே போவது என்றும் கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்திலிருந்து மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் குதிரான் சுரங்கம் வழியாகத் தேசிய நெடுஞ்சாலையில் நேராகப் போகலாம். பொள்ளாச்சி, மீனாட்சிபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு உடுமலைப்பேட்டை கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும், ஊர்வன பார்ப்பவர் அன்றைக்கு இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டு வண்டி ஏறுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் டப்பாவை வைத்துவிட்டு டீ குடிக்க இறங்காதீர்கள்.

கோவிந்தாபுரம்: மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் வீட்டில் இருக்கிறது. ஆமைக்குப் பூச்சி மருந்தாகக் கொஞ்சம் கொடுக்கலாமா? வலிக்கு பாராசிட்டமால்?

இரண்டும் கூடாது. ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு விஷம், உடம்பு செயலிழந்து சாகும். பால்மாடு இருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வலிக்கு மெலோக்சிகாம் போன்றவை உண்டு. ஆனால் உடம்பில் நீர் வற்றியிருந்தால் அதுவே கிட்னியைக் கெடுக்கும். அளவை மருத்துவர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும்.

கஞ்சிக்கோடு: பால் பைத்தான் (ball python என்ற மலைப்பாம்பு), வயது 20-க்கு மேல். மூன்று மாதமாக எலி எடுக்கவில்லை. கடைசிக் காலமா?

எடை குறைந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இந்தப் பாம்பு ஆரோக்கியமாக இருக்கும்போதே மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். எடை நின்ற இடத்தில் நிற்கிறது, நாக்கு நீட்டுகிறது, தோல் ஒரே துண்டாக உரிகிறது என்றால் பொறுங்கள். முதுகெலும்பு மேலெழுந்து தெரிகிறது, உடம்பில் கட்டி தட்டுப்படுகிறது, வாயில் எச்சில் நூலாக வருகிறது என்றால் காட்டுங்கள்.

கொல்லங்கோடு: பாட்டி காலத்திலிருந்து வீட்டில் ஒரு நட்சத்திர ஆமை இருக்கிறது. இப்போது நடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிடித்துக்கொள்வார்களோ என்று பயம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணைப் பிராணிகள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 வருடம் வரை சிறை உண்டு. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். இந்த ஆமை விஷயத்தில் இருவரும் சேர்ந்தே வரக்கூடும். அதிர்ஷ்டம் வரும் என்று இதை விலை கொடுத்து வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

ஆனால் பயந்து ஒளித்து வைத்தால் வலியை அனுபவிப்பது ஆமைதான். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பேசிவிட்டு, நீங்களாகவே வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள். கருணைக்கொலையா சிகிச்சையா என்ற முடிவு அதன் பிறகு உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. ராத்திரியில் தென்மலைக் காட்டோரம் விட்டுவிட்டு வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நடக்க முடியாத ஆமை அங்கே பிழைக்காது, வீட்டு நோயையும் காட்டுக்குள் கொண்டுபோகும்.

நல்லேப்பிள்ளி: எங்களால் இனிப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. சிவப்புக் காது ஆமையைக் கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம்தானே?

இல்லை. அது அமெரிக்காவிலிருந்து வந்த இனம். நம் குளத்து ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொள்ளும். கேரளத்தின் நீர்நிலைகளில் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஆமைகளைப் பற்றி எச்சரித்து, வளர்ப்பவர்களிடமிருந்து வாங்கியும் வைத்திருக்கிறது. அங்கே கேளுங்கள்.

பொள்ளாச்சி இகுவானாக்காரர் மறுபடியும்: முடிந்த பிறகு உடலை என்ன செய்வது? அதை அரசிடம் பதிவு செய்திருக்கிறோம்.

பதிவு செய்திருந்தால் மரணத்தையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். 2024-இல் வந்த விதிகள் அதற்கும் சேர்த்துத்தான். அதனால் மருத்துவரிடம் சான்று கேட்டு வாங்கிவிடுங்கள். பிரேதப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டால் நல்லது, இன்னொரு இகுவானா வீட்டில் இருந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

புதைப்பதானால் கிணறு, வாய்க்கால் பக்கம் வேண்டாம். ஊசி போட்ட உடலில் அந்த மருந்து அப்படியே இருக்கும். நாயோ காக்கையோ தோண்டித் தின்றால் அதுவும் சாகும். இடுப்பளவு ஆழம் தோண்டி, மேலே கல் வையுங்கள். தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி பிராணி போன பிறகும் இருக்கும். குழந்தை இருக்கும் வீட்டில் இதில் அலட்சியம் வேண்டாம். விளக்கும் தெர்மாமீட்டரும் நல்ல நிலையில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், வேலந்தாவளத்தில் ஒருவருக்குத் தேவைப்படுகிறது.